கதவுக்கு அடியில போற நூல்

சாயங்காலம் ஆறு ஐம்பது. குடோன் ரோடு. ஒரு பக்கம் நீளமா மதில், இன்னொரு பக்கம் ஷட்டர் இறக்கின குடோனுங்க. பதினோரு விளக்குக் கம்பம் இருக்கு, அதுல எரியறது நாலு. பஸ்ஸை விட்டு இறங்கி இந்த ரூமுக்கு வர்றதுக்குப் பத்து நிமிஷம் நடக்கணும்... அந்தப் பத்து நிமிஷமும் ஒரு நாய்கூட எதிர்ல வராது.

இருங்க. கொஞ்சம் கிட்ட வாங்க எல்லாரும். கரண்ட் இப்போதைக்கு வராது, மழையும் விடற மாதிரி தெரியல. போர்வையை முழங்கால் மேல இழுத்துப் போட்டுக்கங்க. எத்தனை பேருக்கு வேணும்னாலும் பத்தும் அது. பேக்கரிக்காரம்மா, உங்க பக்கம் அந்த மடிப்பை விரிச்சு விடுங்க... ஆங், அப்படித்தான். தபால்காரரே, நீங்க கதவுகிட்ட உக்காந்திருக்கீங்க, அந்த நூலை மட்டும் மிதிச்சிடாதீங்க. போன வாரம் சேர்ந்த அன்னிக்கே கேட்டீங்களே, நூல்கண்டை வெளியில வெச்சுட்டு எதுக்கு நூலைக் கதவுக்கு அடியில விட்டு இழுத்துப் பின்றீங்கன்னு... அதுக்குப் பதில்தான் இது. ஒண்ணு மட்டும். கேக்கறப்ப கையை நிறுத்தக் கூடாது. அவங்கவங்க வேலையைப் பின்னிக்கிட்டே கேளுங்க. நானும் இந்த ஓரத்தைப் போட்டுக்கிட்டே சொல்றேன்.

நடந்தது என் சிநேகிதியோட நாத்தனாருக்கு. சிநேகிதி இதோ, ஸ்கூல் வேன் ஓட்டறவ, என் பக்கத்துலயே இருக்கா. சந்தேகமா இருந்தா அவளையே கேளுங்க. நாத்தனார் லிப்ட் மெக்கானிக். நாங்க லிப்டுன்னுதான் கூப்பிடுவோம். கரண்ட் போச்சுல்ல, எங்கயோ எவனோ நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டுக் கத்திக்கிட்டிருப்பான்... அவனை இறக்கப் போயிருக்கா. அதனால இன்னிக்கு நமக்கு ஒரு ஆள் குறைவு.

நாலு வருஷம் முன்னாடி. அப்ப இந்தக் கூட்டத்துல மொத்தமே நாலு பேரு. லிப்டு, அவ அண்ணி இந்த வேன்காரி, அதோ அந்த மூலையில இருக்கற கணக்கு டீச்சர், அப்புறம் வாயாடின்னு ஒருத்தி. அவளுக்கு வாயை மூடினா மூச்சு முட்டும். கை பாட்டுக்குப் பின்னும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும். நாலு பேர் வீட்டுலயும் ஒரே கேள்விதான். நூல் வாங்கற காசுக்குக் கடையில போர்வையே வாங்கிடலாமேன்னு. வாங்கலாம்தான், யார் இல்லைன்னா? வியாழக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம், 'என் சாக்ஸ் எங்க, சாவி எங்க'ன்னு ஒருத்தரும் கேக்காத ரெண்டு மணி நேரம் எந்தக் கடையில கிடைக்கும்? அதைச் சொன்னா அவங்களுக்குப் புரியாது. புரிய வைக்கற வேலையை நாங்க எப்பவோ விட்டாச்சு.

அந்த வருஷம் நாலு பேரும் சேர்ந்து ஒரு போர்வை போட்டோம். ஆளுக்குப் பதினஞ்சு சதுரம். எல்லாத்தையும் இணைச்சு, சுத்தி ஓரம் கட்டணும். ஓரத்துக்குக் கருஞ்சிவப்பு. அது வாயாடி பிடிவாதமா எடுத்த கலர். சதுரம் எல்லாம் சேர்ந்து முடியற நேரம் அவளுக்கு வயித்துல கட்டின்னு சொல்லி ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. வெள்ளிக்கிழமை காலையில ஆபரேஷன். பிழைக்கறது பாதிக்குப் பாதின்னு டாக்டரே சொல்லிட்டார். அவ என்ன சொன்னா தெரியுமா? "அந்தப் போர்வையைப் போத்திக்கிட்டுத்தான் வெளிய வருவேன். ஓரம் கட்டாம எடுத்துட்டு வந்தீங்க... பிழைச்சாலும் எழுந்திருக்க மாட்டேன், பாத்துக்கங்க."

சிரிக்காதீங்க. மத்த மூணு பேரும் அன்னிக்குச் சிரிச்சாங்க. சிரிச்சுட்டு வெராண்டாவுல போய் நின்னு அழுதாங்க.

ஓரம் ரெண்டு சுத்து. பாதிச் சுத்துலயே நூல் தீர்ந்துடுச்சு. புதுசா வந்தவங்களுக்குச் சொல்றேன்... ஒரே கலர்தான்னு கடைக்காரன் சத்தியம் பண்ணுவான், நம்பாதீங்க. ஒவ்வொரு தடவை சாயம் காய்ச்சறப்பவும் ஒரு சாயல் மாறும். அதுக்குத்தான் லேபிள்ல ஒரு நம்பர் போட்டிருக்கும். நம்பர் மாறின நூலைச் சேர்த்தா பகல் வெளிச்சத்துல பல்லை இளிச்சிடும். எங்களுக்கு வேணுங்கற நம்பர் எங்கயும் இல்ல. லிப்டு ஏறி இறங்காத கடை கிடையாது. கடைசியில ஊரோட அந்தக் கோடியில ஒரு கடை, கண்ணாடி அலமாரியில அழகுக்கு வெச்ச ஒரே ஒரு கண்டு. தூசி தட்டி லேபிளைப் பாத்தா... அதே நம்பர். எண்பது மீட்டர்.

ரெண்டு பஸ் மாறி வர்றா. ரெண்டாவது பஸ்ல இருக்கறப்ப டீச்சர் போன் பண்றாங்க. "நாளைக்கு இல்லையாம். அவளுக்குத் திடீர்னு மோசமாயிடுச்சு. இன்னிக்கே எட்டு மணிக்கு உள்ள கொண்டு போறாங்க." ஆஸ்பத்திரிக்கு ஓடலாமான்னு கேட்டிருக்கா. வாயாடி வேண்டாம்னு சொல்லிட்டாளாம். "இங்க வந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கப் போறீங்களா? போய் ஓரத்தை முடிங்கடி."

அப்படித்தான் ஆறு ஐம்பதுக்கு லிப்டு குடோன் ரோட்டுல இறங்கினா.

நாலாவது கம்பம் தாண்டறப்ப... தோள்ல தொங்கற பையில ஒரு நடுக்கம். உள்ள எலி புகுந்த மாதிரி. பையும் லேசா இருக்கு. திறந்து பாக்கறா. தேங்காய் அளவு இருந்த கண்டு, எலுமிச்சம்பழமா ஆயிருக்கு. பை மூலையில ஓட்டை. அவளோட ஸ்க்ரூ டிரைவர் பண்ணின வேலை. அந்த ஓட்டை வழியா நூல் வெளிய போகுது. பஸ் ஸ்டாப்புலயே எங்கயோ மாட்டியிருக்கும், நடந்த தூரம் பூரா உருவிக்கிட்டே வந்திருக்குன்னு நினைச்சு, வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே திரும்பறா.

திரும்பினவ அப்படியே நின்னுட்டா.

நூல் தரையில கிடக்கல.

இடுப்பு உயரத்துல நிக்குது. கொடிக்கயிறு கட்டின மாதிரி, நேரா. விளக்கு வெளிச்சத்துல கருஞ்சிவப்பா மின்னுது. அதுக்கு அப்பால இருக்கற கம்பம் எரியல. நூல் அந்த இருட்டுக்குள்ள போகுது... அதுக்கு மேல தெரியல.

லிப்டு பதினாலு வருஷமா வேலை பாக்கறவ. லிப்ட் கயித்துல விரலை வெச்சாப் போதும், அந்தப் பக்கம் காலி கூண்டா, ஆள் இருக்கா, எத்தனை பேருன்னு சொல்லிடுவா. அந்தப் பழக்கத்துல நூல் மேல ஒரு விரலை வெச்சா. முள்ளுல மாட்டின நூல்னா சவமாட்டம் இருக்கும். இது அப்படி இல்ல... மெல்ல விம்முது, தளருது, விம்முது, தளருது. ஒரு தடவை சுண்டிப் பாத்தா.

அந்தப் பக்கத்துல இருந்து ரெண்டு தடவை சுண்டுச்சு.

அப்பதான் வாசனை வந்துச்சாம். அந்துருண்டை வாசனை. ரொம்ப நாளாப் பூட்டி வெச்ச பெட்டியைத் திறந்தா வருமே, அது. கூடவே ஒரு சத்தம். டிக்... டிக்... டிக்... மர ஊசி ரெண்டு உரசற சத்தம். அந்தச் சத்தம் நமக்குத் தெரியாதா? இருட்டுக்குள்ள யாரோ பின்னிக்கிட்டு இருக்காங்க. இவ கண்டோட மறுமுனையை வெச்சு.

வேற யாரா இருந்தாலும் பையைத் தூக்கி எறிஞ்சுட்டு ஓடியிருப்பாங்க. அதுதான் புத்தி இருக்கறவங்க செய்யற வேலை. ஆனா பின்றவங்களுக்கு அந்தப் புத்தி கிடையாது. ஒரே கண்டு, அதே நம்பர், எட்டு மணிக்கு ஆபரேஷன். லிப்டு சத்தமாவே சொன்னாளாம். "நீ யாரா வேணா இரு. இது எங்க நூலு. விடு."

ஊசி சத்தம் நின்னுச்சு.

அவ நாலு விரல்ல நூலைச் சுத்த ஆரம்பிச்சா. பின்னாலேயே நடந்துக்கிட்டு, கண்ணை அந்த இருட்டுல இருந்து எடுக்காம. கொஞ்சம் நூல் வரும். அப்புறம் வெடுக்குன்னு ஒரு இழுப்பு, வந்ததுல பாதி திரும்பப் போயிடும். மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்திக்கிட்டு இழுத்திருக்கா. அந்தத் தழும்பு இன்னும் இருக்கு, கேட்டாக் காட்டுவா. அவ பின்னால ஒரு கம்பம் தள்ளிப் போனா, அதுவும் ஒரு கம்பம் முன்னால வருது. காலடிச் சத்தமே இல்ல. அது தாண்டற கம்பத்துல எல்லாம் விளக்கு அணையுது.

ஏழு அஞ்சுக்கு இந்த மாடிப்படி ஏறி உள்ள வந்தா. வேன்காரி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டா. நூல் கதவுக்கு அடியில வெளிய நீண்டு நிக்குது. படியில சத்தம் இல்ல. ரூம் விளக்கும் அணைஞ்சு போச்சு, எமர்ஜென்சி லைட்டைப் போட்டாங்க. அந்துருண்டை வாசனை மட்டும் அந்த இடுக்கு வழியா உள்ள வருது...

"என்னடி இது?"ன்னு வேன்காரி கேட்டா.

"தெரியல அண்ணி. மணி என்ன?"

"ஏழு ஆறு."

"பின்ற கொக்கியைக் குடுங்க."

அவ்வளவுதான் பேச்சு. உக்காந்து ஓரம் போட ஆரம்பிச்சுட்டா. பேய் வாசல்ல நிக்குது, இவ கண்ணி எண்ணறா. டீச்சர் வழக்கம்போலக் கணக்குப் போட்டாங்க. "எண்பது மீட்டர் பத்தாது. ஒண்ணேகால் சுத்துதான் வரும்." யாரும் காதுல வாங்கல. ஒருத்தி கை வலிச்சா அடுத்தவ வாங்கிக்கறது, நடுவுல ஒரு கண்ணிகூடத் தவறக் கூடாது. ஏழு அம்பதுக்குக் கையில சுத்தி வெச்ச கண்டு தீர்ந்துடுச்சு. இனிமே கதவுக்கு அடியில இருந்துதான் நூல் வரணும்.

இழுத்தா... வந்துச்சு. அடம் பிடிச்சுக்கிட்டு, ஆனா வந்துச்சு. டீச்சர் அதை எமர்ஜென்சி லைட்டுகிட்ட தூக்கிப் பிடிச்சாங்க. நூல் நெளி நெளியா இருக்கு. பின்னலைப் பிரிச்சு விட்ட தலைமுடி எப்படி இருக்கும், அப்படி. கண்டுல இருந்து வர்ற புது நூல் அப்படி இருக்காது.

"இது பிரிச்ச நூல்"னாங்க டீச்சர். "நம்ம நூல் தீர்ந்து போச்சு. இது அதோடது. அது ஏதோ பின்னிக்கிட்டு இருந்திருக்கு... அதுக்கும் நூல் பத்தல. அதுக்கும் இதே நம்பர் வேணும். நம்ம கண்டோட முனையைப் பிடிச்சு அது தன் வேலையில சேர்த்துக்கிச்சு. இப்ப நாம இழுக்க இழுக்க அது பின்னினது பிரிஞ்சு வருது."

கதவுக்கு அந்தப் பக்கம் ஊசி சத்தம் ஆரம்பிச்சுது. டிக் டிக் டிக் டிக்... இப்ப வேகமா. கோவமா.

வேன்காரி கத்திரிக்கோலை எடுத்தா. "வெட்டி விட்டுடலாம், சனியன் போய்த் தொலையட்டும்."

"வெட்டாதீங்க அண்ணி! வெட்டினா அங்க இருக்கறது அதுகிட்டயே தங்கிடும். அதை முடிச்சிடும்."

"எதை முடிச்சிடும்?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா முடிக்க விடக் கூடாது."

வேன்காரி கத்திரிக்கோலை ஜன்னல் வழியா கீழ வீசிட்டா. யாருக்கும் மறுபடி அந்த ஆசை வரக் கூடாதுன்னு.

நூலை இழுத்து உருண்டையாச் சுத்தி வெச்சா என்னன்னு பாத்தாங்க. சுத்தினது கையை விட்டு வழுக்கித் திரும்ப ஓடிடுச்சு. கண்ணியாப் போட்டதை மட்டும்தான் அதால இழுக்க முடியல. அப்ப பின்னித்தான் ஆகணும். அது ஒரு வரி போட்டா, இவங்க ரெண்டு வரி பிரிக்கணும். மூணு பொம்பளைங்க, ஒரு கொக்கி. வெளிய அது. எட்டு மணி ஆச்சு... ஆஸ்பத்திரியில அவளை உள்ள கொண்டு போயிருப்பாங்க.

எட்டு நாப்பதுக்கு ஒரு தப்பு நடந்தது. லிப்டு கையில இருந்து டீச்சர் கைக்கு மாத்தறப்ப, கொக்கி நழுவிக் கீழ விழுந்துடுச்சு. இருட்டுல போர்வைக்கு அடியில உருண்டு போச்சு. கண்ணி சரசரன்னு பிரியுது. நாலு... ஆறு... பத்து... வெளிய டிக்டிக்டிக்டிக்னு ஒரே மூச்சா ஓடுது. லிப்டு வெறும் விரலைக் கண்ணிக்குள்ள விட்டுப் பிடிச்சுக்கிட்டா. விரல் நகத்துக்கடியில ரத்தம் கட்டற அளவுக்கு இழுக்குது. விடலையே. கத்தறா. "அவளைக் குடுக்க மாட்டோம்! கேட்டுக்கோ! குடுக்க மாட்டோம்!" அந்த நிமிஷம் வரைக்கும் அது யாருக்காகப் பின்னுதுன்னு யாருமே வாய் விட்டுச் சொல்லல. ஆனா மூணு பேருக்கும் தெரிஞ்சிருக்கு.

அரை நிமிஷம். கொக்கி கிடைச்சுது. மறுபடி ஆரம்பிச்சாங்க.

பதினொண்ணு பத்துக்குப் போன் வந்துச்சு. பிழைச்சுட்டா. நடுவுல எட்டு நாப்பதுக்கு அரை நிமிஷம் நாடியே இல்லாமப் போச்சு, எப்படித் திரும்பி வந்துச்சுன்னு தெரியலன்னு டாக்டர் சொன்னாராம்.

வெளிய ஊசி சத்தம் நின்னுச்சு. நூல் தளர்ந்து தரையில கிடந்துச்சு. ஓரம் ரெண்டு சுத்து போட வேண்டியது, ஒம்பது சுத்து போயிருந்தது.

என்ன முழிக்கறீங்க? அந்த வாயாடி யாருன்னு இன்னுமா தெரியல?

டீச்சர், சிரிச்சது போதும். ஆமா... நான்தான். அந்தத் தழும்பு லிப்டு கையில, இந்தத் தழும்பு என் வயித்துல. என் பங்குக் கதையை நான் இதுவரைக்கும் புதுசா வர்றவங்ககிட்ட சொன்னதில்ல. இன்னிக்குச் சொல்றேன்.

எட்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப என்னை வார்டுல தனியாப் படுக்க வெச்சிருந்தாங்க. அந்துருண்டை வாசனை அடிச்சுது. தலையைத் திருப்பிப் பாத்தேன். மூலை நாற்காலியில யாரோ உக்காந்து பின்னிக்கிட்டு இருந்தாங்க. நர்ஸ்னு நினைச்சேன். நானும் பின்றவதானே... அந்த நிலைமையிலயும் என்ன பின்றாங்கன்னு எட்டிப் பாத்தேன். மடி நிறையக் கருஞ்சிவப்பு. நீளமா, பை மாதிரி. என் உயரம் இருக்கும். கை விட வழி இல்ல. தலை விட வழி இல்ல. மேல் வாய் மட்டும் ஒரு சாண் மூடாம இருந்துச்சு. அவ்வளவுதான் பாக்கி.

முகத்தைப் பாக்கலாம்னு கண்ணைத் தூக்கினேன்... முடியல. கண்ணு மடியிலயே நிக்குது. பாத்துக்கிட்டே இருக்கேன், அந்தப் பை வாய் ஓரத்துல ஒரு கண்ணி பிரியுது. இன்னொண்ணு. அந்தக் கை அவசர அவசரமாப் போடுது, நூல் அதை விட வேகமா ஓடுது. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது நம்ம கூட்டத்தோட வேலைன்னு. சிரிப்பு வந்துச்சு. சத்தியமா. "எங்க ஆளுங்க கிட்டயா?"ன்னு அதைப் பாத்துக் கேட்டேன். அப்புறம் வந்து என் கட்டிலைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க.

போர்வையைப் போத்திக்கிட்டு நான் வெளிய வரல. இது இந்த ரூமை விட்டு நகர முடியாதே, நூல் கதவுக்கு அடியில இருக்கே. அடுத்த வியாழக்கிழமை வந்து பாத்தா, தளர்ந்து கிடந்த நூல் மறுபடி விறைச்சு நிக்குது. கிளம்பறப்பக் கடைசிக் கண்ணியில ஊக்கு மாட்டிப் பூட்டிட்டுப் போவோம். அதுக்கு நூல் எங்கிருந்து வருதுன்னு தெரியாது... ஆனா ஒரு வாரம் பூரா அது ஏதோ பின்னுது. வியாழக்கிழமை நாம வந்து பிரிக்கறோம். நாலு வருஷமா. அதான் போர்வை இவ்வளவு பெருசு. மத்த நாள்ல எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். வியாழக்கிழமை ராத்திரி நல்லாத் தூக்கம் வரும்.

பயமா? இருக்கு. ஆனா அது ஒத்தை ஆளு. நாம அப்படியா?

இருங்க, ஊக்கை மாட்டிக்கறேன். மாட்டிட்டேன். இப்ப எல்லாரும் ஊசியை மடியில வைங்க. ஆமா, இப்பதான் சொல்றேன், வைங்க. நீங்களும்தான் பேக்கரிக்காரம்மா. டீச்சர், வேன்காரி... சரி. பத்து கையும் சும்மா இருக்கா? மழையை விடுங்க. மழைக்கு அடியில கேளுங்க...

கேக்குதா.

தபால்காரரே, எழுந்திருக்காதீங்க. நூல் உங்க காலடியிலதான் இருக்கு. எந்தப் பக்கம் நகருதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. உள்ள வருதா...

வெளியவா? ஊக்கு மாட்டியுமா?

வேன்காரி, அந்தக் கொக்கியை எடு. தபால்காரரே, ரெண்டு கையாலயும் நூலைப் பிடிங்க, இழுத்தா விடாதீங்க. யாரும் வீட்டுக்கு போன் பண்ணணும்னா இப்பவே பண்ணிடுங்க. இன்னிக்கு வர லேட்டாகும்னு சொல்லிடுங்க.